கூப்பிடுங்கள், கூப்பிடத் தெரிந்து கூப்பிடுங்கள்

நடுவர் அவர்களே! எனக்கு முன்னால் பேசி என்னை ஒரு வழி பண்ணிவிட்டு உட்கார்ந்திருக்கிற எதிரணித் தங்கை அவர்களே! சாப்பாட்டுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே வீட்டில் எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிற பெரியோர்களே, தாய்மார்களே!

ஓய்ந்துபோன மூத்த பேட்ஸ்மேன்களை நாட்டு அணிக்குத் திரும்ப அழைக்கலாமா, கூடாதா? இதுதான் தலைப்பு. 'அழைக்கலாம்' என்பது என் கட்சி. தங்கை என்ன கேட்டாங்க? "தலையிலே நரை, முழங்கால்லே வலி. இவங்களைக் கொண்டாந்து நிறுத்தினா ரன்னுக்கு ஓடுவாங்களா, ஆட்டோ பிடிப்பாங்களா?"ன்னு கேட்டாங்க. (சிரிப்பு) நானும் சிரிச்சேன். சிரிச்சு முடிச்ச பிறகுதான் என் முழங்கால் எனக்கு ஞாபகம் வந்தது.

ஏன் இந்தத் தலைப்பு? 2025 மே மாதம் ரோகித் சர்மாவும் விராட் கோலியும் டெஸ்ட் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார்கள். அதே ஆண்டு நவம்பரில் நம் சொந்த மண்ணிலேயே தென்னாப்பிரிக்காவிடம் இரண்டு டெஸ்டிலும் தோற்றோம். குவாஹாட்டியில் 408 ரன் வித்தியாசம்! உடனே டீக்கடையிலே ஒரே குரல்: "கூப்பிடுய்யா பழைய ஆளுங்களை!" இது புதுக்குரல் இல்லை, நடுவர் அவர்களே. தோற்கும்போதெல்லாம் கேட்கிற குரல். எழுபது வருஷத்துக்கு முன்னால் இங்கிலாந்திலும் கேட்டிருக்கிறது.

1956. ஆஸ்திரேலியா இங்கிலாந்துக்கு வந்திருக்கிறது. முதல் டெஸ்ட் டிரா, இரண்டாவதில் இங்கிலாந்துக்குத் தோல்வி. அடுத்து ஹெடிங்லி. சிரில் வாஷ்புரூக் என்று ஒருவர். வயது 41. டெஸ்ட் ஆடி ஐந்து வருஷம் ஆச்சு. அவர் அப்போ யார் தெரியுமா? ஆட்டக்காரர்களைப் பொறுக்கி எடுக்கிற தேர்வுக் குழுவில் ஓர் உறுப்பினர்! மற்ற உறுப்பினர்கள் சேர்ந்து அவரையே பொறுக்கி எடுத்துவிட்டார்கள். பெண் பார்க்கப் போன மாமாவையே மாப்பிள்ளை ஆக்கின மாதிரி! (சிரிப்பு, கைதட்டல்) ஊரெல்லாம் முணுமுணுப்பு. அவர் மட்டையோடு உள்ளே போகும்போது இங்கிலாந்து 17 ரன்னுக்கு மூணு விக்கெட். அந்தப் பக்கம் கேப்டன் பீட்டர் மே. இரண்டு பேரும் சேர்ந்து 187 ரன். மே 101, வாஷ்புரூக் 98. இங்கிலாந்து இன்னிங்ஸ் வெற்றி!

அதோடு விட்டார்களா? அடுத்த டெஸ்டில் டேவிட் ஷெப்பர்டைக் கூப்பிட்டார்கள். அவர் வயசானவர் இல்லை, பாதிரியார் ஆகி ஆட்டத்தைக் குறைத்துக்கொண்டவர். வந்தார், 113 ரன். கடைசி டெஸ்டில் டெனிஸ் காம்டன். முழங்கால் சில்லையே அறுவை செய்து எடுத்தாச்சு அவருக்கு. தங்கை கவனிக்கணும், முழங்கால் வலி இல்லை, முழங்கால் சில்லே இல்லை! அவர் எடுத்தது 94 ரன். தொடர் 2-1 என்று இங்கிலாந்துக்கு.

நம்ம நாட்டுக்கு வருவோம். விஜய் மெர்ச்சன்ட். 1946-க்குப் பிறகு உடல்நலக் குறைவால் டெஸ்ட் ஆடவில்லை. 1951-இல் டெல்லியில் இங்கிலாந்துக்கு எதிராகத் திரும்பி வந்தார். வயது 40. அடித்தது 154! அதே ஆட்டத்தில் தோளில் அடிபட்டது. அதுவே அவருடைய கடைசி டெஸ்ட். வாசல் வரை வந்து கையெடுத்துக் கும்பிட்டு விடைபெறுகிற பெரிய மனுஷன் மாதிரி 154 ரன்னோடு விடைபெற்றார்.

இப்போ எதிரணி எழுந்து கேட்கும்: "ஐயா, நல்ல காயை மட்டும் மேலே அடுக்கி விற்கிறீர்களே, சொத்தைக் கத்தரிக்காய் எங்கே?" நியாயமான கேள்வி. நானே எடுத்துக் காட்டுகிறேன்.

காலின் கவுட்ரி. ஊட்டியில் பிறந்தவர் என்றுதான் கிரிக்கெட் ஏடுகள் சொல்லும். 1974-இல் ஆஸ்திரேலியாவில் லில்லியும் தாம்சனும் வீசின வேகத்தில் இங்கிலாந்து பேட்ஸ்மேன்கள் கை உடைந்து கிடந்தார்கள். 42 வயதைத் தொடப்போகிற கவுட்ரியை விமானத்தில் வரவழைத்தார்கள். வந்து இறங்கின சில நாளில் பெர்த்தில் மூன்றாவது ஆளாக நின்றார். 22, 41. தைரியத்துக்கு நூற்றுக்கு நூறு. ஆனால் தொடர் 4-1 என்று போச்சு.

1976, மான்செஸ்டர். பிரையன் குளோஸ், வயது 45. ஜான் எட்ரிச், வயது 39. எதிரே மேற்கிந்தியத் தீவுகளின் ஹோல்டிங், ராபர்ட்ஸ், டேனியல். சனிக்கிழமை சாயங்காலம் அந்த இரண்டு பேர் உடம்பிலும் பந்து விழாத இடம் இல்லை. அப்போ தலைக்கவசமும் கிடையாது. இங்கிலாந்து 425 ரன்னில் தோற்றது. அடுத்த டெஸ்டில் இருவருமே இல்லை. அதன் பிறகு இங்கிலாந்துக்கு ஆடவே இல்லை. இதை நினைச்சா எனக்குச் சிரிப்பு வரலை, நடுவர் அவர்களே. வீட்டில் இருந்தவரைக் கூப்பிட்டு, அடி வாங்கவிட்டு, மறுவாரம் கதவைச் சாத்துவது மரியாதை ஆகுமா?

அப்போ வாஷ்புரூக் ஜெயித்ததும் குளோஸ் தோற்றதும் வெறும் அதிர்ஷ்டமா? இல்லை. எங்க வீட்டிலே நடந்த ஒன்றைச் சொன்னால் விளங்கும்.

எங்க அப்பா பள்ளிக்கூடத் தமிழாசிரியர். 58 வயதில் ஓய்வு. மறு வருஷம் பத்தாம் வகுப்புக்குப் பாடம் எடுத்த ஆசிரியை பிரசவ விடுப்பில் போய்விட்டார். அரசுத் தேர்வுக்கு மூணு மாசம். தலைமையாசிரியர் வீடு தேடி வந்தார். அம்மா முகத்தில் பெருமை. அப்பா மட்டும் நிதானமாகக் கேட்டார்: "என்ன பாடம் சார்? எத்தனை நாளைக்கு?" அந்த இரண்டு கேள்விதான் நடுவர் அவர்களே, என் பேச்சின் சாரம்.

திருவள்ளுவர் 'தெரிந்து வினையாடல்' என்று ஓர் அதிகாரமே வைத்தார். எந்த வேலை, அதை எவனால் எப்படி முடிக்க முடியும் என்று ஆராய்ந்து ஒப்படை என்கிறார். வினையாடல் என்றார், தேர்வுக் குழுக்காரர்கள் விளையாடல் என்று படித்துக்கொள்ளலாம்! (கைதட்டல்) பேரைப் பார்த்துக் கூப்பிடாதே, வேலையைப் பார்த்துக் கூப்பிடு.

1977-இல் ஆஸ்திரேலியா அதைச் செய்தது. பெரிய ஆட்டக்காரர்களெல்லாம் கெர்ரி பேக்கர் நடத்திய தனிப் போட்டிக்குப் போய்விட்டார்கள். மிச்சம் இருந்தது சின்னப் பையன்கள். பத்து வருஷத்துக்கு முன்னால் ஓய்வு பெற்ற பாப் சிம்சனை, 41 வயதில், கேப்டனாகவே கூப்பிட்டார்கள். அவர் சும்மா உட்கார்ந்திருந்தவர் இல்லை. சிட்னி கிளப் ஆட்டத்தில் மட்டையைக் கீழே வைக்காமல் இருந்தவர். வேலை என்ன? பையன்களைக் கட்டி மேய்ப்பது. எதிரி யார்? நம்ம பேடி, பிரசன்னா, சந்திரசேகர். சுழற்பந்து ஆடுவதில் அவர் கைதேர்ந்தவர். 539 ரன் எடுத்தார். 3-2 என்று நம்மைத் தோற்கடித்தார். அடுத்து மேற்கிந்தியத் தீவுகளின் வேகத்துக்கு முன்னால் அவருடைய மட்டை பேசவில்லை, தொடர் போச்சு. ஆள் அதே ஆள், வேலை வேறே. அங்கேயே நிறுத்திக்கொண்டார்.

"பெரியவர் வந்தால் சின்னவன் இடம் போகுமே?" என்று தங்கை கண் கலங்கினாங்க. 1971 மேற்கிந்தியப் பயணத்தைப் பாருங்கள். திலீப் சர்தேசாய் கதை முடிந்தது என்று எழுதிவிட்டார்கள். கேப்டன் வடேகர் வேண்டும் என்றார், வந்தார். கிங்ஸ்டனில் 75 ரன்னுக்கு ஐந்து விக்கெட் போன நிலையில் நின்று 212 அடித்தார். தொடரில் 642 ரன். அதே தொடரில் 21 வயதுப் பையன் ஒருவன் புதிதாக வந்து 774 ரன் குவித்தான். பெயர் சுனில் கவாஸ்கர்! பெரியவர் நிழல் கொடுத்தார், பையன் வளர்ந்தான். மேற்கிந்தியத் தீவுகளை முதன்முதலாக நாம் வென்றது அப்போதுதான்.

மொகிந்தர் அமர்நாத்தை மறக்க முடியுமா? 1969-இல் நம்ம சேப்பாக்கத்தில் முதல் டெஸ்ட் ஆடியவர். எத்தனை தடவை வெளியே, எத்தனை தடவை உள்ளே! மண்டையில் அடிபட்டது, ஒதுக்கினார்கள். 32 வயதில் திரும்ப அழைத்தார்கள். பாகிஸ்தானில் மூணு சதம், மேற்கிந்தியத் தீவுகளில் இரண்டு சதம். 1983 உலகக் கோப்பையில் அரையிறுதி, இறுதி இரண்டிலும் ஆட்ட நாயகன். நான் பள்ளிக்கூடத்துப் பையன்; டிரான்சிஸ்டரைக் காதில் ஒட்டிக்கொண்டு அந்த ராத்திரி தூங்கவே இல்லை. அதே அமர்நாத் அந்த வருஷக் கடைசியில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக ஆறு இன்னிங்ஸில் மொத்தம் ஒரே ஒரு ரன்! மறுபடி வெளியே. 1984-இல் மறுபடி உள்ளே. லாகூரில் ஆட்டமிழக்காமல் 101. ஒரு மனிதன் முடிந்துவிட்டான் என்று முத்திரை குத்த நமக்கு இருக்கிற அவசரம் காலத்துக்கு இல்லை.

ஆகவே நடுவர் அவர்களே, அழைக்கலாம் என்கிறேன். மூணு நிபந்தனை: இன்ன வேலைக்கு என்று சொல்லி அழையுங்கள். இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறவரை அழையுங்கள். எப்போது அனுப்புவோம் என்பதை வரும்போதே சொல்லிவிடுங்கள். தேடிப்போய் அழைத்தவரைத் தெருவில் விடாதீர்கள்.

அப்பா கதையை முடிக்கவில்லையே! மூணு மாசம் முடிந்தது. பிள்ளைகள் தேறினார்கள். தலைமையாசிரியர் மறுபடி வந்தார்: "இன்னும் ஒரு வருஷம் இருங்களேன் ஐயா." அப்பா சொன்னார்: "கடைசி பெஞ்சுக்கு என் குரல் எட்டலை சார். பிள்ளைங்க மரியாதைக்காகச் சொல்லலை. எனக்குத் தெரியுது."

அன்றைக்கு அப்பா வீட்டுக்கு நடந்து வந்த நடையை நான் பார்த்தேன். ஓய்வு பெற்ற நாளில் அந்த நடை இல்லை. ஒருத்தர் தன் ஆட்டத்தைத் தானே முடித்துக்கொண்டு வர அவருக்கு இன்னொரு முறை மட்டையைக் கொடுங்கள் என்று கேட்டு அமர்கிறேன். (கைதட்டல்)