கல்லூரிக் கால்பந்துத் துணைப் பயிற்சியாளர் (அமெரிக்கா)

அமெரிக்கப் பல்கலைக்கழகக் கால்பந்து அணிகளில் தலைமைப் பயிற்சியாளரின் கீழ் ஒரு குறிப்பிட்ட ஆட்டப்பிரிவைப் பயிற்றுவிப்பவர் துணைப் பயிற்சியாளர். இங்கே கால்பந்து என்பது முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடும் அமெரிக்கக் கால்பந்து. இப்பணிக்கு நுழைவுத் தேர்வு கிடையாது. அணியில் ஆடியவர் ஒரு மூத்த பயிற்சியாளரிடம் சேர்ந்து தொழில் பழகி, அவர் பரிந்துரையால் அடுத்த இடத்துக்குப் போவதே வழி. ஒன்றரை நூற்றாண்டாக இந்த வழி நீண்டிருக்கிறது, அடிப்படை மாறவில்லை.

தோற்றம்

1869 நவம்பர் 6 அன்று நியூ ஜெர்சி மாநிலத்தின் நியூ பிரன்ஸ்விக் நகரில் ரட்கர்ஸ், பிரின்ஸ்டன் கல்லூரிகள் மோதியது முதல் கல்லூரிக் கால்பந்து ஆட்டமாகக் கொள்ளப்படுகிறது. ரட்கர்ஸ் 6–4 என வென்றது. அப்போது பயிற்சியாளர் என்று யாரும் இல்லை. மாணவரான அணித்தலைவரே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டார். பின்னர் யேல் போன்ற கல்லூரிகளில் பட்டம் பெற்றுச் சென்ற ஆட்டக்காரர்கள் ஆட்டப் பருவத்தில் திரும்பி வந்து, ஊதியம் வாங்காமல் இளையவர்களைப் பழக்கினார்கள். இன்றைய துணைப் பயிற்சியாளரின் முன்னோடிகள் இவர்களே.

யேலில் ஆடிய ஏமஸ் அலோன்சோ ஸ்டாக் 1892-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆசிரியத் தகுதியுடன் அமர்த்தப்பட்டு, 1932 வரை அங்கே பணியாற்றினார். பயிற்சி அளிப்பது முழுநேரத் தொழிலாக நிலைபெற்றதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு.

உதவியாளரிலிருந்து தலைமைக்கு

நூட் ராக்னே 1914-இல் நோட்டர் டேமில் பட்டம் பெற்று, அங்கேயே வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளராகவும் ஜெஸ்ஸி ஹார்ப்பரின் கீழ்க் கால்பந்துத் துணைப் பயிற்சியாளராகவும் வேலை பார்த்தார். 1918-இல் தலைமைப் பயிற்சியாளரானார். அவரிடம் ஆடியவர்கள் நாடெங்கும் பயிற்சியாளர்களாகப் பரவினார்கள். அவர்களில் ஜிம் குரோலி நியூயார்க்கின் ஃபோர்டம் பல்கலைக்கழக அணியை நடத்தினார். குரோலியிடம் லைன் எனப்படும் முன்வரிசை ஆட்டக்காரர்களைப் பயிற்றுவித்த ஃபிராங்க் லேஹியும் ராக்னேயின் மாணவரே. அவர் 1941-இல் நோட்டர் டேமின் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். ஃபோர்டமில் அவ்விருவரிடமும் ஆடிப் பழகிய வின்ஸ் லொம்பார்டி, 1949 முதல் 1953 வரை வெஸ்ட் பாயின்ட் இராணுவக் கல்லூரியில் ரெட் பிளெய்க்கின் துணைப் பயிற்சியாளராக இருந்தார். பிற்காலத்தில் தொழில்முறை ஆட்டத்தில் பெரும்புகழ் பெற்ற லொம்பார்டி தொழில் கற்றது இந்த வழியில்தான்.

இரட்டை அணி முறையும் பிரிவுப் பயிற்சியும்

தொடக்க காலத்தில் ஒரே ஆட்டக்காரர் தாக்கவும் வேண்டும், தடுக்கவும் வேண்டும். லைனுக்கு ஒருவர், அதன் பின்னே நிற்கும் பேக்ஃபீல்டுக்கு ஒருவர் என விரல் விட்டு எண்ணக்கூடிய துணைப் பயிற்சியாளர்களே போதுமானவர்களாக இருந்தார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1941-இல், ஆட்டக்காரர்களைத் தாராளமாக மாற்றிக்கொள்ள விதி இடம் கொடுத்தது. அதைப் பயன்படுத்தி மிச்சிகன் பயிற்சியாளர் ஃபிரிட்ஸ் கிரைஸ்லர் 1945-இல் இராணுவக் கல்லூரிக்கு எதிராகத் தாக்குதலுக்கு ஓர் அணியும் தடுப்புக்கு ஓர் அணியும் இறக்கினார். மிச்சிகன் 28–7 எனத் தோற்றது. ஆனால் முறை பரவியது. 1953-இல் மாற்றங்களுக்கு மீண்டும் கட்டுப்பாடு வந்து, 1960களின் நடுவில் நீங்கியது.

துணைப் பயிற்சியாளரின் வரலாற்றில் இதுவே பெரிய திருப்பம். இரண்டு அணிகள் என்றானதும் இரண்டு ஆட்டத்திட்டங்கள் தேவைப்பட்டன. தாக்குதல் ஒருங்கிணைப்பாளர், தடுப்பு ஒருங்கிணைப்பாளர் என்ற பதவிகள் உருவாயின. அவர்களுக்குக் கீழே பந்தை எறியும் குவார்ட்டர்பேக், அதைப் பிடிக்கும் ரிசீவர், தடுப்பில் ஆடும் லைன்பேக்கர் என ஒவ்வோர் ஆட்டப்பிரிவுக்கும் தனித்தனிப் பயிற்சியாளர் வந்தார்.

ஏணியின் படிகள்

முதல் படி பட்டதாரி உதவியாளர். முதுகலைப் படிப்புக்குக் கட்டணச் சலுகையும் சிறு உதவித்தொகையும் அவருக்குக் கிடைக்கும். எதிரணியின் ஆட்டப் பதிவுகளை நகர்வு நகர்வாகப் பிரித்துக் குறிப்பெடுப்பது அவர் வேலை. எதிரணி கையாளும் ஒவ்வோர் உத்தியையும் வட்டங்களும் அம்புக்குறிகளுமாக அட்டையில் வரைவார். பயிற்சித் திடலில் அந்த அட்டையைத் தூக்கிப் பிடித்து, இரண்டாம் வரிசை ஆட்டக்காரர்களை எதிரணி போலவே ஆடிக்காட்டச் செய்வார். இப்படிப் பல வாரங்கள் வரைந்தவருக்கு ஆட்டத்தின் இலக்கணம் கையோடு படிந்துவிடும்.

அடுத்தது ஆட்டப்பிரிவுப் பயிற்சியாளர். கற்பிப்பதோடு, பள்ளிகளுக்கும் வீடுகளுக்கும் சென்று பெற்றோரிடம் பேசி, திறமையான மாணவர்களை அணிக்குச் சேர்ப்பதும் அவர் கடமை. அதற்கு மேலே ஒருங்கிணைப்பாளர். உச்சியில் தலைமைப் பயிற்சியாளர்.

ஏற்றம் எளிதன்று. தலைமைப் பயிற்சியாளர் நீக்கப்பட்டால் பெரும்பாலும் துணைவர்களும் வேலை இழந்து, குடும்பத்தோடு ஊர் மாற வேண்டியிருக்கும். நிக் சேபன் 1973-இல் கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் டான் ஜேம்ஸின் கீழ்ப் பட்டதாரி உதவியாளராகத் தொடங்கினார். சிரக்யூஸ், வெஸ்ட் வர்ஜீனியா, ஒஹாயோ ஸ்டேட், கடற்படைக் கல்லூரி, மிச்சிகன் ஸ்டேட், தொழில்முறை அணியான ஹூஸ்டன் ஆய்லர்ஸ் என்று மாறி, 17 ஆண்டுகள் கழித்து 1990-இல் டொலீடோவில் தலைமைப் பொறுப்பேற்றார். பின்னர் ஏழு தேசிய வாகைகளை வென்றார். அவரிடம் அலபாமாவில் தடுப்பு ஒருங்கிணைப்பாளராக இருந்த கர்பி ஸ்மார்ட், 2016 முதல் ஜார்ஜியா அணியை நடத்தி 2021, 2022 பருவங்களில் தேசிய வாகை சூடினார்.

பயிற்சி மரபுகள்

ஒருவரிடம் பழகியவர்களின் வரிசையை அமெரிக்கர்கள் பயிற்சி மரம் என்பார்கள். ஒஹாயோவின் மயாமி பல்கலைக்கழகம் பயிற்சியாளர்களின் தொட்டில் எனப் பெயர் பெற்றது. வுடி ஹேய்ஸ், ஆரா பார்செகியன், போ ஷெம்பெக்லர் மூவரும் அங்கே தலைமைப் பயிற்சியாளராக இருந்து உயர்ந்தவர்கள். ஆர்கன்சாவின் ஃபிராங்க் பிராய்ல்ஸிடம் துணைவராக இருந்த ஹேடன் ஃபிரை பின்னர் ஐயோவா அணியை நடத்தினார். ஃபிரையிடம் பணியாற்றிய பில் ஸ்னைடர், பேரி ஆல்வரெஸ், கர்க் ஃபெரென்ட்ஸ் மூவரும் புகழ்பெற்ற தலைமைப் பயிற்சியாளர்கள் ஆனார்கள். ஸ்னைடரிடம் ஆடிப் பழகிய பிரென்ட் வெனபிள்ஸ் 2021 இறுதியில் ஓக்லஹோமாவின் தலைமைப் பொறுப்புக்கு வந்தார்.

அடைபட்ட வாசல்

அறிமுகத்தால் திறக்கும் வாசல், அறிமுகம் இல்லாதவருக்கு மூடியே இருக்கும். தென்மாநிலங்களின் பெரிய பல்கலைக்கழகங்கள் 1960கள் வரை கறுப்பின மாணவர்களை அணியில் சேர்க்கவில்லை. அதனால் ஏணியின் முதல் படியே அவர்களுக்கு எட்டவில்லை. கறுப்பினக் கல்லூரியான கிராம்பிளிங்கில் எடி ராபின்சன் 1941 முதல் 1997 வரை பயிற்றுவித்து 408 வெற்றிகளைக் குவித்தார். 1979-இல் விச்சிடா ஸ்டேட் அணிக்கு வந்த வில்லி ஜெஃப்ரிஸ், முதல் நிலைப் பிரிவில் முதல் கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளர். அலபாமாவில் பேர் பிரையன்ட்டிடம் ஆடி, அவரிடமே துணைவரான சில்வெஸ்டர் குரூம், கால் நூற்றாண்டுக்கு மேல் துணைப் பயிற்சியாளராகவே இருந்த பிறகு 2004 பருவத்தில் மிசிசிப்பி ஸ்டேட் அணிக்குத் தலைமை ஏற்றார். தென்கிழக்கு மாநாடு எனப்படும் பல்கலைக்கழகக் கூட்டமைப்பின் அணிகளில் முதல் கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளர் அவரே. இது தகுதிக் குறைவால் நேர்ந்த தாமதம் அன்று, அநீதி.

ஊதியமும் மதிப்பும்

தொலைக்காட்சி உரிமைப் பணம் பெருகியதும் துணைப் பயிற்சியாளர்களின் ஊதியமும் ஏறியது. 2009-இல் டென்னசி பல்கலைக்கழகம் மான்டி கிஃபினுக்கு ஆண்டுக்கு 12 லட்சம் டாலர் கொடுத்தது. 2018-இல் லூசியானா ஸ்டேட், டேவ் அரண்டாவுக்கு 25 லட்சம் டாலர் தர ஒப்பந்தம் செய்தது. ஊதிய வரிசையின் அடியில் பட்டதாரி உதவியாளர் உதவித்தொகையில் காலம் தள்ளுகிறார்.

எல்லாரும் தலைமைப் பதவியை நாடிப் போகவில்லை. பட் ஃபாஸ்டர் 1987-இல் தலைமைப் பயிற்சியாளர் ஃபிராங்க் பீமருடன் வர்ஜீனியா டெக் வந்து, 2019 வரை அங்கேயே இருந்தார். 1995 முதல் தடுப்பைக் கவனித்தவர். நாட்டின் சிறந்த துணைப் பயிற்சியாளருக்கு 1996 முதல் வழங்கப்படும் பிராய்ல்ஸ் விருதை 2006-இல் பெற்றார். முதல் விருது ஃபுளோரிடா ஸ்டேட்டின் மிக்கி ஆண்ட்ரூஸுக்குச் சென்றது.

இன்றைய நிலை

களத்தில் பயிற்றுவிக்கும் துணைவர்களின் எண்ணிக்கை உச்ச நிலை அணிகளில் 2018-இல் ஒன்பதிலிருந்து பத்தாக உயர்ந்தது. அதற்கு முன்பே, பகுப்பாய்வாளர் என்ற பெயரில் மேலும் பலரைப் பெரிய அணிகள் வைத்திருந்தன. அவர்கள் ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகக் கற்பிக்கக் கூடாது என்றிருந்த தடையைத் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் 2024-இல் நீக்கியது. பணம் படைத்த பல்கலைக்கழகங்களுக்கு இது கூடுதல் பலம். இளைஞர்களுக்கோ ஏறக் கூடுதல் படி.

சேபனின் வாகைகளில் ஸ்மார்ட்டுக்கும் பீமரின் வெற்றிகளில் ஃபாஸ்டருக்கும் பங்கு உண்டு. ஒரு தலைமைப் பயிற்சியாளரின் வெற்றிக் கணக்கோடு அந்தந்த ஆண்டின் துணைப் பயிற்சியாளர்களின் பெயர்களையும் சேர்த்து எழுதினால்தான் கல்லூரிக் கால்பந்தின் வரலாறு முழுமை பெறும்.