நிமோகாக்கல் தடுப்பூசி

நிமோகாக்கல் தடுப்பூசி, ஸ்ட்ரெப்டோகாக்கஸ் நிமோனியே என்னும் பாக்டீரியாவால் வரும் நோய்களைத் தடுக்கும் ஊசிமருந்து. இக்கிருமி நிமோனியா, மூளையுறை அழற்சி, இரத்தத்தில் கிருமித்தொற்று ஆகிய கொடிய நோய்களை உண்டாக்கும். நடுச்செவி அழற்சிக்கும் சைனஸ் அழற்சிக்கும் இது ஒரு முக்கியக் காரணம். இரண்டு வயது நிரம்பாத குழந்தைகளும் முதியோரும்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள்.

கிருமியும் அதன் உறையும்

1881இல் பிரான்சில் லூயி பாஸ்டரும் அமெரிக்காவில் ஜார்ஜ் ஸ்டெர்ன்பெர்க்கும் தனித்தனியே இக்கிருமியைக் கண்டறிந்தனர். நுண்ணோக்கியில் ஈட்டிமுனை வடிவில் இரண்டிரண்டாக ஒட்டித் தெரியும். சிறு குழந்தைகள் பலரின் மூக்குத்தொண்டையில் எந்தத் தொல்லையும் தராமல் குடியிருக்கும். இருமல், தும்மல் துளிகளின் வழியே பரவும்.

தேர்வுக்குத் தடுப்பூசிப் பெயர்களை மனப்பாடம் செய்யும் செவிலிய மாணவியர் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இக்கிருமியின் உறையை. நீண்ட சர்க்கரைச் சங்கிலிகளால் (பாலிசாக்கரைடு) ஆன இந்த உறை, விழுங்க வரும் வெள்ளணுக்களின் பிடியிலிருந்து கிருமியை நழுவவிடுகிறது. உறை இழந்த கிருமியால் நோயுண்டாக்க ஏறக்குறைய முடிவதில்லை. எலிகளில் 1928இல் பிரிட்டன் ஆய்வாளர் கிரிஃபித் செய்த சோதனை, உறையுள்ள, உறையற்ற கிருமிகளின் இந்த வேறுபாட்டை வைத்துத்தான் நடந்தது. மரபுப்பொருள் டிஎன்ஏதான் என்று 1944இல் ஏவரி குழுவினர் காட்டியதும் அதன் தொடர்ச்சியே.

உறையின் அமைப்பைக் கொண்டு 100க்கும் மேற்பட்ட வகைகள் பிரிக்கப்பட்டுள்ளன. ஒரு வகைக்கு எதிராக உடல் செய்யும் எதிர்ப்பொருள் மற்றொரு வகைக்குப் பெரும்பாலும் உதவாது. பிசிவி 10, பிசிவி 13, பிபிஎஸ்வி 23 என்று பெயருக்குப் பின்னால் நிற்கும் எண், அத்தடுப்பூசி எத்தனை வகைகளைத் தடுக்கிறது என்பதைக் குறிக்கும்.

இரு வகைத் தடுப்பூசிகள்

உறைச் சர்க்கரையை மட்டும் கொண்டவை (பாலிசாக்கரைடு தடுப்பூசிகள், பிபிஎஸ்வி) 1940களிலேயே அமெரிக்காவில் வந்தன. பென்சிலின் இருக்க ஊசி எதற்கு என்ற எண்ணத்தில் அவை கைவிடப்பட்டன. அது தவறான கணக்கு. பென்சிலின் கொடுத்தும் நோயின் முதல் சில நாட்களிலேயே பலர் இறப்பதை அமெரிக்க மருத்துவர் ராபர்ட் ஆஸ்ட்ரியன் எடுத்துக்காட்டினார்; அவரது விடாமுயற்சியால் 1977இல் 14 வகைத் தடுப்பூசியும், 1983இல் 23 வகைத் தடுப்பூசியும் உரிமம் பெற்றன.

ஆனால் வெறும் சர்க்கரையை இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தையின் நோயெதிர்ப்பு மண்டலம் சரியாக அடையாளம் காண்பதில்லை. டி அணுக்கள் துணைக்கு வராததால் நினைவாற்றலும் உருவாவதில்லை. அந்தச் சர்க்கரையை ஒரு புரதத்தோடு பிணைத்துவிட்டால் டி அணுக்கள் விழித்துக்கொள்கின்றன. இதுவே கூட்டுத் தடுப்பூசி (பிசிவி). முதலாவது, 7 வகைகளுக்கானது, 2000இல் அமெரிக்காவில் வந்தது. கூட்டுத் தடுப்பூசி மூக்குத்தொண்டையில் கிருமி தங்குவதையும் குறைக்கிறது. ஆகவே ஊசி போடாத தாத்தா பாட்டிக்கும் ஓரளவு பாதுகாப்பு கிடைக்கிறது.

இந்திய அட்டவணை

அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் பிசிவி 2017 மே மாதம் இமாச்சலப் பிரதேசத்திலும், பீகார், உத்தரப் பிரதேசத்தின் சில பகுதிகளிலும் தொடங்கியது. 2021இல் நாடு முழுவதும் விரிந்தது. புனேயின் சீரம் நிறுவனம் தயாரித்த 10 வகைத் தடுப்பூசி 2020இல் இந்தியாவில் உரிமம் பெற்றது.

அரசுத் திட்டத்தில் 6ஆவது வாரம், 14ஆவது வாரம், 9ஆவது மாதம் என மூன்று தவணைகள். தனியார் மருத்துவமனைகளில் பெரும்பாலும் 6, 10, 14 வாரங்களிலும், பின் 12 முதல் 15 மாதங்களுக்குள் ஊக்கத் தவணையாகவும் போடுவார்கள். தடுப்பூசி அட்டையைப் பார்க்காமல் ஒன்றை மற்றொன்றாக எண்ணிவிடக் கூடாது.

அளவு 0.5 மி.லி.; தசைக்குள், தொடையின் நடுப்பகுதியில் முன்பக்க வெளிப்புறம். அரசு முறையில் பிசிவி வலது தொடையில், பென்டாவேலன்ட் என்னும் மற்றொரு தடுப்பூசி இடது தொடையில். இந்த ஒழுங்கு வீக்கம் வந்தால் எந்த ஊசியால் வந்தது என்று சொல்ல உதவும். இரண்டையும் ஒரே சிரிஞ்சில் கலப்பது கூடவே கூடாது.

குளிர்ச்சங்கிலி

2 முதல் 8 டிகிரி செல்சியஸில் வைக்க வேண்டும். இத்தடுப்பூசிக்கு வெப்பத்தைப் போலவே உறைபனியும் பகை. உறைந்த குப்பியை, மீண்டும் உருகியிருந்தாலும், பயன்படுத்தக் கூடாது. தடுப்பூசி எடுத்துச்செல்லும் கேரியரில் வைக்கும் ஐஸ் பேக்கைக் காதருகே குலுக்கினால் உள்ளே தண்ணீர் சலசலக்க வேண்டும். கல்லாக உறைந்ததை வைத்தால் குப்பியும் உறைந்துபோகும். எடுக்கும் முன் குப்பியை மெதுவாகக் குலுக்க வேண்டும், மருந்து அடியில் படிந்திருக்கும். பல டோஸ் குப்பியைத் திறந்த தேதியும் நேரமும் எழுதி, விதிப்படி பாதுகாத்தால் 28 நாட்கள்வரை பயன்படுத்தலாம்.

யாருக்குக் கூடாது

முந்தைய தவணையிலோ, டிஃப்தீரியா கலந்த தடுப்பூசியிலோ கடும் ஒவ்வாமை வந்தவர்களுக்குப் போடக் கூடாது. இலேசான சளி, காய்ச்சல் தடையல்ல. ஊசியிடத்து வலி, வீக்கம், இலேசான காய்ச்சல், சிணுங்கல் ஓரிரு நாளில் அடங்கும். எனினும் ஊசி போட்டதும் 30 நிமிடம் உட்காரவைத்துக் கவனிப்பது கட்டாயம்.

பெரியவர்கள்

முதியோர், சர்க்கரை நோய், நாள்பட்ட இதய, நுரையீரல், சிறுநீரக நோய், எச்ஐவி உள்ளவர்கள், காக்ளியர் கருவி பொருத்தியவர்கள் ஆகியோருக்கு நிமோகாக்கல் தடுப்பூசி பரிந்துரைக்கப்படுகிறது. மண்ணீரல் இல்லாதவர்களின் நிலை தனி. உறையுள்ள கிருமிகளை இரத்தத்திலிருந்து வடிகட்டுவது மண்ணீரலே என்பதால், திட்டமிட்ட மண்ணீரல் அகற்றத்துக்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்பே ஊசி போட்டுவிட வேண்டும்.

“ஊசி போட்டும் சளி பிடிச்சிருக்கே சிஸ்டர்” என்று தாய்மார் கேட்பார்கள். பெரும்பாலான சளி வைரஸால் வருவது. நிமோனியாவுக்கும் வேறு கிருமிகள் உண்டு. இந்த ஊசி தடுப்பது குப்பியில் உள்ள நிமோகாக்கஸ் வகைகளை மட்டுமே. மூச்சு வேகமாக வாங்கினாலோ, விலா உள்ளிழுத்தாலோ, ஊசி போட்ட குழந்தையையும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள்.