பிறந்த வீடும் புகுந்த வீடும்

அருங்காட்சியகங்களுக்குக் காசில்லாமல் கிடைக்கும் படச்செயலிகளில் விப்ஸையும் இமேஜ்ஜேயையும் அருகருகே வைத்துப் பார்ப்போம். முன்னது, 1989இல் தொடங்கிய ஐரோப்பிய வசாரித் திட்டத்தில், லண்டன் நேஷனல் கேலரியின் ஓவியங்களை அளக்கப் பிறந்தது. பின்னது, 1997இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் வெய்ன் ராஸ்பேண்ட் எழுதியது. நுண்ணோக்கிப் படங்களில் செல்களை எண்ணிப் பழகியது.

விப்ஸ் நிறத்தில் பொய் சொல்லாது. ஓவியம் ஆண்டுக்கணக்கில் மங்குகிறதா என்று பார்ப்பதற்கான கருவி அல்லவா, ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் அளவாகவே வைத்துக்கொள்ளும். இமேஜ்ஜேயோ, ஜான் ஹார்மனின் டிஸ்ட்ரெச் செருகுநிரலைச் சேர்த்துக்கொண்டால், வேண்டுமென்றே பொய் சொல்லும். மங்கிய பாறை ஓவியத்தில், பாறையின் பழுப்பையும் காவியின் சிவப்பையும் பிரிக்கும் மெல்லிய வேறுபாட்டை இழுத்து விரித்துவிடும்; பாறை பச்சையாகும், காவி செக்கச்செவேலென எழும்.

ஆனால், மெய்யனும் பொய்யனும் தேடுவது மறைந்த கோட்டைத்தான். நேஷனல் கேலரியில் அகச்சிவப்புக் கேமரா வண்ணத்தை ஊடுருவி, அடியில் ஓவியர் கரியால் இட்ட கோடுகளைத் துண்டுதுண்டாகப் படமெடுக்கும். விப்ஸின் முகப்பான நிப்2இல் இரு துண்டுகளுக்கும் பொதுவான புள்ளியைத் தொட்டுக்காட்டினால் அவை ஒட்டிக்கொள்ளும். எல்லாம் ஒட்டியபின் வெளிச்சத்தைச் சமன் செய்தால் தையல் மறையும். நிப்2 ஒரு விரிதாள். கட்டத்தில் எண்ணுக்குப் பதில் படம் இருக்கும், ஒன்றை மாற்றினால் அதைச் சார்ந்தவையும் மாறும். அழகான யோசனை, ஆனால் பழக நாளாகும்.

டிஸ்ட்ரெச்சுக்கு ஒரு பொத்தான் போதும். அங்கோர்வாட் கோயில் சுவர்களில் யானையும் படகுமாகச் சுமார் 200 ஓவியங்களை தொல்லியலாளர் நோயல் ஹிடால்கோ டான் இதைக் கொண்டே வெளிக்கொணர்ந்து 2014இல் எழுதினார். இந்த எளிமைக்கு நான் சற்று அஞ்சுகிறேன்: பாறையின் இரும்புக் கறையும் அதே சிவப்பில்தான் எழுகிறது.

பெரிய படத்தை முழுதாக ஏற்றாமல் வேண்டிய துண்டை மட்டும் எடுத்துக் கணக்கிடும் வித்தையை, நினைவகம் குறைந்த அந்நாளில் விப்ஸ் கற்றது. அதனாலேயே இன்று ஷார்ப் என்ற நிரலுக்குள் அமர்ந்து இணையதளங்களுக்குப் படம் சுருக்கித் தருகிறது. ஆய்வகத்துப் பிள்ளையோ குகைவாசலில் யாரோ ஒருவரின் மடிக்கணினியில் இருக்கிறது.