அயனி

நாஞ்சில் நாட்டில் அயனி என்றால் முதலில் மரம்தான். அயனிச்சக்கை தின்று வளர்ந்த பிள்ளை, பள்ளியில் ‘மின்னேற்றம் பெற்ற அணு அயனி’ என்று படிக்கும்போது திகைக்கத்தான் செய்யும். இரண்டுக்கும் உறவில்லை. அறிவியல் அயனி, ‘செல்வது’ என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லின் வழி வந்தது. 1834-இல் மைக்கேல் ஃபாரடே அதைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். உத்தராயணத்தில் வரும் ‘அயனம்’ இதன் தூரத்துச் சொந்தம். அதற்கும் செல்லுதல் என்றே பொருள்.

மிகுந்த வேகத்தில் செல்லும் அயனியைக் குறிக்கும் ‘விரைவு அயனி’ என்னும் தொடரை அணுப்பிணைவு ஆய்வில் காணலாம். ஹைட்ரஜனின் ஐசோடோப்புகளான டியூட்டீரியமும் டிரிட்டியமும் இணையும்போது 3.5 மெகா எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலோடு ஹீலியம் அயனி பிறக்கிறது. காந்தப்புலத்துக்குள் தங்கி பிளாஸ்மாவைச் சூடாக வைத்திருக்க வேண்டியது அதுதான்; தப்பினால் உலையின் சுவருக்குக் கேடு. 10 கோடி டிகிரியைத் தாண்டும் பிளாஸ்மாவின் மையத்துக்குள் எந்தக் கருவியையும் நுழைக்க முடியாது. ஆகவே வெளியிலிருந்து நடுநிலை அணுக்களைப் பாய்ச்சுகிறார்கள். அவற்றிடமிருந்து எலெக்ட்ரானைப் பறிக்கும் அயனி ஒளி உமிழும். அந்த ஒளியின் அலைநீளம் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று பார்த்தால் வேகம் தெரிந்துவிடும். பிரான்சில் எழும் ஐட்டர் உலைக்கு, பிளாஸ்மாவின் ஹீலியத்தை இம்முறையில் அளக்க உதவும் அணுக்கற்றைக் கருவி இந்தியாவின் பொறுப்பு. அதற்கான பணி காந்திநகர்ப் பக்கம் நடக்கிறது.

மீண்டும் நாஞ்சில் நாட்டுப் பக்கம் வந்தால், மணவாளக்குறிச்சி மணலின் மோனசைட் கனிமத்தில் உள்ள தோரியம் உமிழும் ஆல்பா துகளும் விரைவு ஹீலியம் அயனியே. அதன் ஆற்றல் சுமார் 4 மெகா எலெக்ட்ரான் வோல்ட்.