மூன்று வாக்குகளும் நான்கு நாட்களும்

கட்சி மாறியவரை வரலாறு எளிதில் மன்னிப்பதில்லை. கனடாவின் ஸ்காட் பிரைசனையும் அந்த வரிசையில் சேர்த்துவிடலாமா என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

1997இல் நோவா ஸ்கோஷியா மாகாணத்தின் கிங்ஸ்–ஹான்ட்ஸ் தொகுதியிலிருந்து நாடாளுமன்றம் புகுந்தபோது அவருக்கு வயது 30. அவர் சார்ந்திருந்தது முற்போக்குப் பழமைவாதக் கட்சி. பெயரிலேயே முரணைச் சுமந்த அக்கட்சி அவருக்குப் பொருந்தியே இருந்தது: பொருளாதாரத்தில் பழமைவாதி, தனிமனித உரிமையில் தாராளர். 2000இல் கட்சித் தலைவர் ஜோ கிளார்க் அவைக்குள் வருவதற்காகத் தம் தொகுதியையே விட்டுக்கொடுத்தார். அவ்வாண்டு நவம்பரில் மீண்டும் வென்றார். கட்சிப்பற்று அற்றவர் என்று அவரைச் சொல்ல இயலாது.

2002 டிசம்பரில் தாம் தன்பாலீர்ப்பாளர் என்பதை வெளிப்படையாக அறிவித்தார். அடுத்த ஆண்டே கட்சித் தலைமைக்குப் போட்டியிட்டார். டொரன்டோ மாநாட்டின் இரண்டாம் சுற்றில், ஜிம் பிரென்டிஸை விட மூன்றே வாக்குகள் குறைவாகப் பெற்று வெளியேறினார். தோல்விதான், எனினும் அந்த அறிவிப்புக்குப் பின்னரும் நூற்றுக்கணக்கான பேராளர்கள் அவரையே தேர்ந்தனர் என்பதை மறக்கலாகாது.

2003 டிசம்பர் 6 அன்று, சமூகப் பார்வையில் இறுக்கமான கனடியக் கூட்டணியுடன் இணைவதை அவரது கட்சி ஏற்றது. நான்கு நாட்களில் அவர் லிபரல் கட்சிக்குச் சென்றார். முதலில் இணைப்பை ஆதரித்தவர் அவர் என்பதால் பழி எழுந்தது. 2004இல் அமைச்சரானதும் அது வலுத்தது. கனடிய மத்திய அமைச்சரவையில், தம்மை மறைத்துக்கொள்ளாத முதல் தன்பாலீர்ப்பாளர் அவரே.

2005 ஜூன் 28 அன்று ஒருபால் திருமணச் சட்டவரைவு 158க்கு 133 என்ற கணக்கில் கீழவையில் நிறைவேறியது. புதிய பழமைவாதக் கட்சியினருள் பெரும்பாலோர் எதிர்த்தனர். ஆதரித்த மிகச் சிலருள் பிரென்டிஸும் ஒருவர். ஆகவே, உள்ளிருந்தே போராடியிருக்கலாம் என்னும் வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. ஆயினும் பிரென்டிஸ் வாக்களித்தது பிறர் உரிமைக்காக. பிரைசனுக்கோ அது சொந்த வாழ்வின் வழக்கு. 2007இல் அவர் தம் துணைவரை மணந்துகொண்டார்.

திருமணம் ஆணுக்கும் பெண்ணுக்கும் மட்டுமே என்ற வரையறையைப் பழமைவாதக் கட்சி தன் கொள்கையேட்டிலிருந்து நீக்கியது 2016இல். வெளிப்படையான தன்பாலீர்ப்பாளரான எரிக் டங்கன் அக்கட்சியின் சார்பில் வென்றது 2019இல். அதே ஆண்டு பிப்ரவரியில் பிரைசன் நாடாளுமன்றத்தை விட்டு விலகியிருந்தார்.

பதவி ஆசை அவரிடம் அறவே இல்லை என்று நான் வாதிடவில்லை. ஆனால், உன் வாழ்வு எங்கள் கொள்கையேட்டில் இடம்பெறும் வரை காத்திரு என்று ஒருவரிடம் சொல்லும் கட்சி, அவர் காத்திருக்கவில்லை என்பதைத் துரோகம் என்றழைப்பது நேர்மையாகாது.