வாரம் முழுதும் காத்திருந்தவர்கள்

1928இல் எஸ்.எஸ்.வாசன் ஆனந்த விகடனை வாங்கியபோது, பெயரிலுள்ள எழுத்து ஒன்றுக்கு 25 ரூபாய் வீதம் எட்டு எழுத்துக்கு 200 ரூபாய் கொடுத்தார் என்று பத்திரிகை உலகில் சொல்வார்கள். 1926இல் பூதூர் வைத்தியநாதய்யர் தொடங்கி, தொடர்ந்து நடத்தச் சிரமப்பட்ட இதழ் அது. வாசனோ விளம்பரத் தொழிலிலிருந்து வந்தவர். எந்த வரி கண்ணை இழுக்கும் என்பதைச் சொந்தக் காசைப் போட்டுக் கற்றவர். அவர் கையில் விகடன் வாசகர்களை எண்ணிப் பார்த்து வளரத் தொடங்கியது.

பரிசுத் தொகையோடு வந்த குறுக்கெழுத்துப் போட்டிகள் முப்பதுகளில் புதியவர்களைக் கூட்டி வந்தன. மாலியின் கோட்டுச் சித்திரங்களும் நகைச்சுவைத் துணுக்குகளும் அவர்களைச் சிரிக்க வைத்தன. ஆனால் பரிசுக்காக வந்தவர், பரிசு கிடைக்காவிட்டால் போய்விடுவார். அவரை அடுத்த வாரமும் கடைக்கு வரவழைத்தது தொடர்கதை.

‘ஏட்டிக்குப் போட்டி’ என்ற நகைச்சுவைக் கட்டுரையால் வாசனின் கவனத்தைக் கவர்ந்த ரா.கிருஷ்ணமூர்த்தி, பின்னர் விகடனின் ஆசிரியப் பொறுப்புக்கே வந்தார். கல்கி என்ற பெயரில் 1937இல் அவர் எழுதிய ‘கள்வனின் காதலி’ வந்த பிறகு தமிழ் வாரப் பத்திரிகையின் இலக்கணமே மாறியது என்று சொல்லலாம். அடுத்து ‘தியாகபூமி’. கே.சுப்ரமணியம் அதைப் படமாக எடுத்துக்கொண்டிருக்கும்போதே விகடனில் தொடர் ஓடியது. ஓவியத்துக்குப் பதிலாகப் படத்தின் காட்சிகளே கதையோடு அச்சாயின. சம்பு சாஸ்திரியாகப் பாபநாசம் சிவனையும் சாவித்திரியாக எஸ்.டி.சுப்புலட்சுமியையும் பத்திரிகையில் பார்த்தவர்கள், 1939இல் படம் வந்ததும் கொட்டகைக்குப் போனார்கள். சுதந்திரப் போராட்ட உணர்வைப் பேசிய அந்தப் படத்தை ஆங்கிலேய அரசு பிறகு தடை செய்தது.

1941இல் கல்கி விகடனை விட்டு வெளியேறி, சதாசிவத்தோடு சேர்ந்து தன் பெயரிலேயே பத்திரிகை தொடங்கினார். அதற்கு முதலீடு திரட்டச் சதாசிவத்தின் மனைவி, பாடகி எம்.எஸ்.சுப்புலட்சுமி ‘சாவித்திரி’ படத்தில் நாரதராக நடித்தார். ‘பார்த்திபன் கனவு’, ‘சிவகாமியின் சபதம்’ என்று வரலாற்றுத் தொடர்கள் வரிசையாக வந்தன. 1950 அக்டோபரில் தொடங்கிய ‘பொன்னியின் செல்வன்’ ஏறக்குறைய மூன்றரை ஆண்டு ஓடியது. வீட்டுக்கு ஒரு பிரதிதான் வரும். யார் முதலில் படிப்பது என்று போட்டி நடக்கும். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத பாட்டிக்குப் பேத்தி உரக்கப் படித்துக் காட்டுவாள். மணியத்தின் ஓவியங்களோடு அந்தப் பக்கங்களைப் பிரித்தெடுத்துப் பைண்டு செய்து வைத்த குடும்பங்கள் ஏராளம்.

கதை முடிந்தபோது வாசகர்கள் திருப்தியடையவில்லை. வந்தியத்தேவன் என்ன ஆனான், குந்தவை என்ன ஆனாள், இப்படித் திடுதிப்பென்று நிறுத்தலாமா என்று கேட்டார்கள். கல்கி அந்தக் குறையைப் புறக்கணிக்காமல் ஒரு முடிவுரை எழுதி, பாத்திரங்களின் பிற்காலத்தைச் சொல்லிச் சமாதானம் கூறினார். வாரம் தவறாமல் உடன் வந்தவர்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவராக அவர் நடந்துகொண்டது, அந்த நாவல் அளவுக்கே மதிக்க வேண்டிய செயல். 1954இல் அவர் மறைந்த பின்னும் ‘கல்கி’ அதே கதையை வேறு ஓவியர்களின் படங்களோடு மீண்டும் மீண்டும் வெளியிட்டது. முடிவு தெரிந்தவர்களும் வாங்கினார்கள்.

1947இல் எஸ்.ஏ.பி.அண்ணாமலை தொடங்கிய ‘குமுதம்’ வேறொரு கதவைத் திறந்தது. சாண்டில்யனின் ‘கடல் புறா’வும் அப்புசாமி–சீதாப்பாட்டி கதைகளும் ஒருபக்கம் இருக்க, பலர் முதலில் புரட்டியது ‘அரசு பதில்கள்’ என்ற கேள்வி–பதில் பக்கத்தை. சினிமா, அரசியல், குடும்பம் என்று எதைப் பற்றியும் கேட்கலாம். பதில் இரண்டு வரியில் முடிந்துவிடும். கேள்விக்குக் கீழே கேட்டவர் பெயரும் ஊரும் அச்சாகும். தன் சின்ன ஊரின் பெயரை அச்சில் பார்ப்பதற்காகவே அஞ்சலட்டை எழுதியவர்கள் உண்டு. பின்னாளில் ஜூனியர் விகடனில் சுஜாதாவின் ‘ஏன்? எதற்கு? எப்படி?’ இதே முறையில் அறிவியலை வீடுவீடாகக் கொண்டு சேர்த்தது. கேட்பவருக்கு மரியாதை கொடுத்த எந்தக் கேள்வி–பதில் பகுதியும் தமிழில் தோற்றதாகத் தெரியவில்லை.

கூட்டம் சேர்ப்பதற்குக் காதலும் வாள்வீச்சும் போதும் என்று நினைத்தவர்களுக்கு 1966இல் ஜெயகாந்தன் பதில் சொன்னார். விகடனில் வந்த ‘அக்கினிப் பிரவேசம்’ ஒரு சிறுகதைதான். மழை நாளில் அறிமுகமில்லாத ஒருவனின் காரில் ஏறி, கெடுக்கப்பட்டு வீடு திரும்பும் மாணவியைத் தாய் தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று ஏற்றுக்கொள்கிறாள். அவ்வளவே கதை. அதற்கு எழுந்த எதிர்ப்பும் ஆதரவும் கடிதங்களாகக் குவிந்தன. ஒரு தாய் இப்படிச் செய்வாளா என்று வீட்டுக்கு வீடு வாக்குவாதம் நடந்தது. சிலர் முடிவை மாற்றித் தாங்களே கதை எழுதினார்கள்.

ஜெயகாந்தன் அந்தச் சண்டையிலிருந்தே அடுத்த நாவலை எடுத்தார். தாய் ஏற்றுக்கொள்ளாமல் ஊரைக் கூட்டியிருந்தால் அந்தப் பெண் என்ன ஆகியிருப்பாள்? தினமணி கதிரில் தொடராக வந்து ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ என்று புத்தகமான அந்த நாவலில், நாயகி கங்கா, பத்திரிகையில் வந்த அந்தக் கதையைப் படிக்கிறாள். அதில் தன் வாழ்க்கையே எழுதப்பட்டிருப்பதைக் காண்கிறாள். கடிதம் எழுதிய ஆயிரமாயிரம் பேரில் ஒருத்தியை ஆசிரியர் கதைக்குள்ளேயே அழைத்துவந்தது போன்ற வேலை அது. 1972இல் அந்த நாவலுக்குச் சாகித்திய அகாதமி விருது கிடைத்தது. 1977இல் பீம்சிங் அதைப் படமாக்கினார்.

வாரப் பத்திரிகைகள் இப்படிக் கூட்டம் சேர்த்த அறுபதுகளில் சி.சு.செல்லப்பா ‘எழுத்து’ பத்திரிகையை நடத்திக்கொண்டிருந்தார். அதில் தொடர்கதையும் இல்லை, பரிசுப் போட்டியும் இல்லை. விமரிசனமும் புதுக்கவிதையும்தான். சந்தாதாரர்கள் மிகக் குறைவு. புத்தகங்களைத் தானே சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போனார். 1959இல் தொடங்கிய அந்த இதழ் 1970 வரை வந்தது. ந.பிச்சமூர்த்தியின் கவிதைகள், சி.மணியின் சோதனைகள், பசுவய்யா என்ற பெயரில் சுந்தர ராமசாமி எழுதியவை எல்லாம் அங்கே அச்சாயின. அவற்றைப் படித்த சிலரே அடுத்த இருபது ஆண்டுகளில் தமிழ்க் கவிதையை எழுதினார்கள்.