கூடுதலாக வந்த காசோலை

பிரெஞ்சுப் புரட்சியை ஒட்டிய ஆண்டுகளில், பாரிஸுக்கு அருகே இருந்த பிசெத்ர் சிறையிலிருந்து பணக்காரர்களுக்குக் கடிதங்கள் போய்க்கொண்டிருந்தன. எழுதியவர்கள் கைதிகள். ‘நாட்டைவிட்டு ஓடிய ஒரு பிரபுவின் வேலைக்காரன் நான். தப்பிக்கும் வழியில் எஜமானின் நகைப்பெட்டியை ஓரிடத்தில் ஒளித்துவிட்டேன். கொஞ்சம் பணம் அனுப்பினால் அதை மீட்டுப் பங்கு தருகிறேன்’ என்று அந்தக் கடிதங்கள் சொல்லும். குற்றவாளியாக இருந்து, பின்னர் பாரிஸ் காவல்துறையின் துப்பறியும் பிரிவுக்கே தலைவரான விடோக், 19-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் இதைப் பற்றி எழுதிவைத்தார். நூறு கடிதம் போனால் இருபதுக்குப் பதில் வந்துவிடும் என்பது அவர் தரும் கணக்கு.

அந்த நூற்றாண்டின் இறுதியில் இதே கதை ஸ்பெயின் சிறைக்கு இடம் மாறியது. பொய் வழக்கில் அடைபட்ட செல்வந்தர், பணம் ஒளித்துவைத்த பெட்டி, ஆதரவற்ற மகள் என்று இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் தபால்கள் பறந்தன. ‘ஸ்பானியக் கைதி’ என்று அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள். காவல்துறை அறிந்த மிகப் பழைய மோசடிகளில் ஒன்று என்று 1898-லேயே நியூயார்க் டைம்ஸ் எழுதியது.

1980-களில் எண்ணெய் விலை சரிந்து நைஜீரியப் பொருளாதாரம் நொறுங்கியபோது, படித்தும் வேலை கிடைக்காத இளைஞர்களில் சிலர் இந்தப் பழைய தொழிலைக் கையில் எடுத்தார்கள். முதலில் தபால், பிறகு ஃபேக்ஸ், 1990-களில் மின்னஞ்சல். அந்நாட்டுக் குற்றவியல் சட்டத்தின் 419-ஆவது பிரிவே இந்த மோசடிக்கு உலகம் முழுவதும் பெயராகிவிட்டது. 2003-ல் நைஜீரிய அரசு பொருளாதாரக் குற்றங்களுக்கென்றே தனி ஆணையம் அமைத்தது. மோசடியோ அதற்குள் பல நாடுகளில் வேர்விட்டிருந்தது.

இதுவரை வந்த கதைகள் எல்லாவற்றிலும் ஓர் ஆசை இருக்கிறது: உழைக்காமல் ஒரு பங்கு. அதனால், ஏமாந்தவர்மேல் ஊருக்குப் பெரிய இரக்கம் வரவில்லை. 2000-களில் தனியாக வகுப்பு எடுக்கும் ஆசிரியர்களையும் சிறு விற்பனையாளர்களையும் தேடி வந்த மோசடி வேறு வகை. அங்கே புதையலும் இல்லை, பங்கும் இல்லை.

1995-ல் தொடங்கிய ஈபே, கிரெய்க்ஸ்லிஸ்ட் போன்ற தளங்கள் சாதாரண மனிதர்களைக் கடைக்காரர்களாக்கின. வீட்டில் பியானோ சொல்லித்தருபவரும் பழைய மேசையை விற்பவரும் தங்கள் மின்னஞ்சல் முகவரியையும் கட்டணத்தையும் ஊரறியப் போட்டார்கள். முன்பின் தெரியாதவர் எழுதுவதுதான் அவர்கள் பிழைப்பு. பதில் எழுதாமல் இருக்க முடியாது.

இசை ஆசிரியர்களுக்கு வரும் கடிதத்தின் அச்சு இப்படி இருக்கும். என் மகள் அடுத்த மாதம் உங்கள் ஊருக்கு விடுமுறைக்கு வருகிறாள், வாரம் இரண்டு வகுப்பு வேண்டும், ஒரு மாதத்துக்கு எவ்வளவு? மகளின் வயது இருக்கும். எந்த வாத்தியம் என்பது இருக்காது. அதே கடிதம் வயலின் ஆசிரியருக்கும் கணக்கு ஆசிரியருக்கும் போயிருக்கும் அல்லவா? தொலைபேசியில் பேசலாமா என்றால், எழுதுபவர் கப்பலில் வேலையாக இருப்பார், அல்லது காது கேளாதவராக இருப்பார். கட்டணத்தில் பேரம் கிடையாது. முழுத் தொகையும் முன்பணமாகக் காசோலையில் வரும். கட்டணம் 400 டாலர் என்றால், காசோலை 2,000 டாலருக்கு இருக்கும். ‘மீதியைப் பிள்ளையை அழைத்துவரும் ஓட்டுநருக்கு இன்றே அனுப்பிவிடுங்கள்’ என்று ஒரு வேண்டுகோளும் சேர்ந்து வரும்.

இந்தச் சூழ்ச்சிக்கு இடம் கொடுத்தது ஒரு நல்ல சட்டம். காசோலையைப் போட்டுவிட்டு வாடிக்கையாளர்கள் நாள்கணக்கில் காத்துக்கிடக்கிறார்கள் என்பதற்காக, 1987-ல் அமெரிக்க நாடாளுமன்றம் வங்கிகளுக்குக் கெடு விதித்தது. வங்கியே பொறுப்பேற்று வழங்கும் காசோலை என்றால், பொதுவாக மறு வேலைநாளே பணத்தை எடுக்கவிட வேண்டும். மோசடிக்காரர்கள் பெரிதும் அச்சடித்தது அந்த வகைக் காசோலையின் போலியைத்தான். கணக்கில் தொகை ஏறியதைப் பார்த்த ஆசிரியர், பணம் வந்துவிட்டது என்று நம்பி, ‘மீதி’யை வெஸ்டர்ன் யூனியன் என்ற பணம் அனுப்பும் நிறுவனம் வழியாக அனுப்பிவிடுவார். காசோலை போலி என்று தெரிந்து திரும்பிவர வாரங்கள்கூட ஆகும். அப்போது வங்கி முழுத் தொகையையும் அவர் கணக்கில் கழிக்கும். அனுப்பிய பணம் அனுப்பியதுதான்.

இங்கே ஏமாந்தவர் என்ன தவறு செய்தார்? தனக்குச் சேராத பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். அவருடைய நாணயத்தையே அவருக்கு எதிராகத் திருப்பியதுதான் இந்த மோசடியின் ஆகக் கொடிய அம்சம். ‘படித்தவர், இதுகூடத் தெரியாதா?’ என்று கேட்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். அந்தக் கேள்விக்கு அஞ்சித்தான் பலர் புகாரே கொடுப்பதில்லை.

பணம் போன வழியும் சுத்தமாக இருக்கவில்லை. மோசடிப் பணம் தன் முகவர்கள் வழியாகக் கைமாறுவதைத் தடுக்கத் தவறியதற்காக, 2017-ல் வெஸ்டர்ன் யூனியன் 58.6 கோடி டாலர் கட்ட அமெரிக்க அரசிடம் ஒப்புக்கொண்டது. பாதிக்கப்பட்டவர்களுக்கு அதிலிருந்து இழப்பீடும் போனது.

இந்தியாவில் இதே சூழ்ச்சி காசோலையை விட்டுவிட்டுக் கைபேசிக்குள் புகுந்தது. 2016-ல் கைபேசியிலேயே பணம் அனுப்பும் யுபிஐ முறை வந்தபின், பழைய கட்டிலை இணையத்தில் விற்பவரையும் டியூஷன் எடுப்பவரையும் ராணுவ வீரர் என்று சொல்லிக்கொண்டு ஒருவர் அழைப்பார். அடையாள அட்டையின் படமும் அனுப்புவார். பணியிலிருப்பதால் நேரில் வர முடியாது, பணத்தை அனுப்பிவிடுகிறேன், இந்த க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து ரகசிய ‘பின்’ எண்ணைப் போடுங்கள் என்பார். போட்டதும் விற்பவர் கணக்கிலிருந்து பணம் போகும். இன்னொரு வகையில், 2,000 ரூபாய்க்குப் பதில் 20,000 வந்ததாக வங்கி அனுப்பியதுபோலவே ஒரு குறுஞ்செய்தி வரும். ‘தவறிப்போய் அனுப்பிவிட்டேன், திருப்பி அனுப்புங்கள்’ என்ற கெஞ்சலும் கூடவே வரும். காசோலை போய்க் குறுஞ்செய்தி வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

யுபிஐயில் பணம் பெறுவதற்கு ரகசிய ‘பின்’ எண் தேவையே இல்லை. கூடுதலாக வந்ததாக யார் சொன்னாலும், குறுஞ்செய்தியை நம்பாமல் வங்கிக் கணக்கைத் திறந்து பாருங்கள். உண்மையிலேயே வந்திருந்தாலும் நீங்களாகத் திருப்பி அனுப்பாமல், வங்கியிடம் சொல்லி வந்த வழியே போகவிடுங்கள். பணம் போய்விட்டது என்றால் வெட்கப்பட்டு நாளைக் கடத்தாதீர்கள். உடனே இணையக் குற்றப் புகாருக்கான 1930 என்ற எண்ணை அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, அந்தப் பணத்தை வழியிலேயே முடக்கிவைக்க அவ்வளவு வாய்ப்பு உண்டு.